அப்கிரேடு முடிந்தது, பாக்ஸ் எழவில்லை

ஃபயர்வால் பாக்ஸில் அப்கிரேடு பொத்தானை அழுத்தியாயிற்று. பிரவுசரில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றுவிட்டன. பக்கத்தைப் புதுப்பித்தால் திறக்கவில்லை, பிங் போட்டால் பதில் இல்லை. "நெட் போச்சா சார்?" என்று ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் யாருக்கும் கை போகிற இடம் ஒன்றுதான்: பவர் அடாப்டர். அதைப் பிடுங்காதீர்கள்.

சின்ன ஹார்டுவேரில் அப்கிரேடு செத்துப்போனதுபோலத் தெரியும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பிசி எஞ்சின்ஸ் ஏபியு2 போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஎம்டி ஜிஎக்ஸ்-412டிசி பிராசஸர். வழக்கமான ஃபயர்வால் வேலைக்குப் போதும். பேக்கேஜ்களை வரிசையாகப் பிரித்து எஸ்எஸ்டியில் எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும். ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வாலில் பெரிய பதிப்பு மாறும்போது முதலில் கர்னல் ஏறி ஒரு தடவை ரீபூட் ஆகும், பிறகு மற்றவை ஏறி மறுபடி ரீபூட் ஆகும். பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் எழுந்து வந்த பிறகும் பின்னணியில் கூடுதல் பேக்கேஜ்களை நிறுவிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் கொடுங்கள். வேகம் குறைந்த கார்டோ பழைய பென் டிரைவோ டிஸ்க்காக இருந்தால் முக்கால் மணி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அப்கிரேடை நடுவில் கரண்டைப் பிடுங்கி உண்மையான பழுதாக மாற்றுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் விபத்து. பாக்ஸும் மோடமும் யுபிஎஸ்ஸில் இல்லையென்றால் அப்கிரேடைத் தொடவே வேண்டாம்.

இந்த அத்தியாயம் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுபவை. 2004-ல் மோனோவால் என்ற ஃபயர்வாலிலிருந்து பிஎஃப்சென்ஸ் பிரிந்தது, 2015 ஜனவரியில் அதிலிருந்து ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. முகப்பு வேறு வேறாக இருந்தாலும் எழும் வழி ஒன்றே. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

கன்சோல் கேபிள்

காத்திருந்தும் பயனில்லை என்றால் அடுத்த வேலை கன்சோலைப் பார்ப்பது. ஏபியு போர்டில் எச்டிஎம்ஐ, விஜிஏ எதுவும் கிடையாது. பின்பக்கம் 9 பின் சீரியல் போர்ட் ஒன்று இருக்கும், அதுதான் அதன் வாய். தேவையானவை ஒரு நல் மோடம் கேபிளும், யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றும். சாதாரண நேர் கேபிளை மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும், அதை நம்பி போர்டு செத்துவிட்டதாக முடிவு கட்டியவர்கள் உண்டு. மாற்றி வாங்கும்போது எஃப்டிடிஐ சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவாகக் கிடைக்கும் பிஎல்2303 வகையில் போலிச் சிப்கள் அதிகம். விண்டோஸ் டிரைவர் அவற்றை ஏற்க மறுக்கும்.

புட்டி போன்ற மென்பொருளில் வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வைத்துக்கொண்டு, பாக்ஸை அணைத்துப் போடுங்கள். எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று பொருள். பழைய ஆலிக்ஸ் போர்டுகளில் பயாஸ் 38400-ல் பேசும், இயங்குதளம் வேறு வேகத்தில் பேசும். பாதி தெளிவாகவும் பாதி குப்பையாகவும் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

வரும் வரிகளையெல்லாம் புட்டியின் லாக் வசதியில் கோப்பாகச் சேமியுங்கள். வரிகள் பறக்கிற வேகத்தில் கண்ணால் பிடிக்க முடியாது. பழுது எங்கே என்பதைச் சொல்வது கடைசியாக நின்ற வரி. அதற்கு மேலே உள்ள பத்துப் பதினைந்து வரிகளையும் படியுங்கள். பலர் கடைசி வரியை மட்டும் தேடிப்பிடித்துத் தப்பான மருந்தைப் போடுவார்கள்.

எங்கே நிற்கிறது?

பாக்ஸ் எழுவது ஐந்து படிகளில். பயாஸ் ஹார்டுவேரைச் சரிபார்க்கும். பிறகு டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள லோடர் வரும். லோடர் கர்னலை நினைவகத்தில் ஏற்றும். கர்னல் ரூட் கோப்பமைப்பை மவுண்ட் செய்யும். கடைசியில் ஃபயர்வாலின் ஸ்கிரிப்டுகள் ஓடி, இன்டர்ஃபேஸ்களை எழுப்பும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துவிட்டால், மற்ற நான்கையும் நோண்ட வேண்டியதில்லை.

பயாஸ் வரியே வரவில்லை என்றால் அப்கிரேடுக்கும் இந்தப் பழுதுக்கும் நேரடித் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு. ஃபயர்வால் அப்கிரேடு பயாஸைத் தொடுவதில்லை. பின் ஏன் இன்று மட்டும்? ஏனென்றால் இந்த பாக்ஸ் கடைசியாக எப்போது அணைந்து எழுந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. ஓராண்டாக ஓடிக்கொண்டிருந்ததை அப்கிரேடு ஒரு தடவை ரீபூட் செய்தது, அவ்வளவுதான். தளர்ந்துபோன 12 வோல்ட் அடாப்டர் ஓடும் பாக்ஸைத் தாங்கும், தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காது. தேய்ந்த எஸ்எஸ்டியும் அப்படித்தான். இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் இன்டெல் ஆட்டம் சி2000 வரிசை. சின்ன ஃபயர்வால் பாக்ஸ்களிலும் நாஸ் பெட்டிகளிலும் அது நிறையப் பயன்பட்டது. அதன் எல்பிசி கடிகார சிக்னல் காலப்போக்கில் நின்றுவிடலாம் என்று 2017 ஜனவரியில் இன்டெல் தன் பிழைப்பட்டியலில் ஏவிஆர்54 என்ற எண்ணில் சேர்த்தது. அந்த சிக்னல் நின்றால் சிஸ்டம் எழாது. எந்த மென்பொருளாலும் எழுப்ப முடியாது. அப்படிப்பட்ட பாக்ஸ் அப்கிரேடு நாளில் போனால் பழி அப்கிரேடு மேல் விழுகிறது.

ஆகவே ஒரு பழக்கம் சொல்கிறேன். அப்கிரேடு செய்யும் முன் எதையும் மாற்றாமல் ஒரு தடவை வெறும் ரீபூட் செய்யுங்கள். எழவில்லையா, பழுது ஏற்கெனவே இருந்தது. எழுந்ததா, அதன் பிறகு வருவதை அப்கிரேடின் கணக்கில் எழுதலாம். இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

லோடர் வரை வந்து கன்சோல் ஊமையாகிவிட்டால் இரண்டில் ஒன்று. உண்மையிலேயே நின்றிருக்கலாம். அல்லது கர்னல் தன் பேச்சை விஜிஏ பக்கம் திருப்பியிருக்கலாம். விஜிஏ படிமத்திலிருந்து நிறுவப்பட்ட சிஸ்டம் ஏபியுவில் இப்படித்தான் நடந்துகொள்ளும்: பயாஸ் பேசும், லோடர் பேசும், பிறகு அமைதி. சில நிமிடம் கழித்து லேனில் பிங் கிடைத்தால் பாக்ஸ் எழுந்துவிட்டது, உங்களிடம் பேசவில்லை, அவ்வளவுதான். லோடர் மெனுவில் கன்சோல் என்ற வரியின் எண்ணை அழுத்தி சீரியலுக்கு மாற்றிப் பூட் செய்துவிட்டு, வலை முகப்பின் அமைப்புகளில் அதை நிலையாக்குங்கள்.

மவுண்ட்ரூட்

அப்கிரேடுக்குப் பின் மிக அதிகம் பார்க்கப்படும் நிறுத்தம் இதுதான். கர்னல் ஏறிவிட்டது, ஹார்டுவேரையெல்லாம் எண்ணிவிட்டது, ரூட்டைத் தேடிக் கிடைக்காமல் மவுண்ட்ரூட் என்று எழுதிக் காத்திருக்கும். முதலில் ஒரு கேள்விக்குறியைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கர்னலுக்குத் தெரிந்த டிஸ்க்குகள் பட்டியலாக வரும். உங்கள் டிஸ்க் அதில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அடுத்த வழியைத் தீர்மானிக்கும்.

பட்டியலில் டிஸ்க் இருந்தால் பெயர் மாறியிருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி 9-ல் ஏடிஏ டிஸ்க்குகளின் பெயர் 'ஏ-டி'யிலிருந்து 'ஏ-டி-ஏ' என்று மாறியது. அந்த மாற்றம் பிஎஃப்சென்ஸ் 2.2-க்கு வந்தபோது பழைய பெயரை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவைத்திருந்த நிறுவல்கள் இந்த வரியில் வந்து நின்றன. இன்றும், கூடுதல் பென் டிரைவ் செருகியிருந்தால் யுஎஸ்பி டிஸ்க்கின் எண் ஒன்று தள்ளிப்போய் இதே நிலை வரும். முதலில் தேவையில்லாத யுஎஸ்பிகளைக் கழற்றிவிட்டுப் பூட் செய்து பாருங்கள். சரியான பார்ட்டிஷனை அங்கேயே கொடுத்தும் மேலே போகலாம்: யூஎஃப்எஸ் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, டெவ் அடைவில் உள்ள பார்ட்டிஷன் பெயரைச் சேர்க்க வேண்டும். எழுந்தவுடன் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தாவிட்டால் நாளைக்கும் இதே கதை.

பட்டியலில் டிஸ்க்கே இல்லை, ஆனால் மேலே 'ரூட் மவுண்ட் வெயிட்டிங் ஃபார்' என்று யுஎஸ்பி பெயர் சொல்லும் வரிகள் இருக்கின்றன என்றால், டிஸ்க் விழிக்கும் முன்பே கர்னல் பொறுமையிழந்துவிட்டது. புதிய கர்னலில் யுஎஸ்பி ஆராயும் வரிசையும் வேகமும் மாறுவதால் நேற்று வரை சரியாக இருந்தது இன்று இப்படி ஆகும். ரீபூட் செய்து, லோடர் மெனுவில் 3-ஐ அழுத்தி லோடர் வரிக்குப் போங்கள். அங்கே 'செட் கெர்ன்.கேம்.பூட்_டிலே=10000' என்று கொடுத்து, அடுத்த வரியில் 'பூட்' என்று தட்டுங்கள். எண் மில்லிவினாடியில் உள்ளது. கர்னல் பத்து வினாடி காத்திருக்கும். எழுந்துவிட்டால் அதே வரியை, செட் என்ற சொல் இல்லாமல், மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, பூட் அடைவில் 'லோடர்.கான்ஃப்.லோக்கல்' என்ற கோப்பில் எழுதி வையுங்கள். 'லோக்கல்' இல்லாத கோப்பில் எழுதினால் ஃபயர்வால் தன் விருப்பப்படி அதை மறுபடி எழுதிவிடும், உங்கள் வரி காணாமல் போகும்.

மானிட்டரும் யுஎஸ்பி விசைப்பலகையும் வைத்து வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மவுண்ட்ரூட் வரியில் விசைப்பலகை சில போர்டுகளில் வேலை செய்யாது. கர்னல் இன்னும் யுஎஸ்பியை முழுதாக எழுப்பியிருக்காது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். லோடர் வரியிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள், அல்லது சீரியலுக்கு வாருங்கள்.

இசட்எஃப்எஸ் வைத்த பொறி

இப்போது இரண்டு ஃபயர்வால்களிலும் இசட்எஃப்எஸ் கோப்பமைப்பு பரவலாகிவிட்டது. திடீர் மின்வெட்டைப் பழைய கோப்பமைப்பான யூஎஃப்எஸ்ஸைவிட நன்றாகத் தாங்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் அதற்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பான பூலின் நிலையைப் பார்க்கும் கட்டளையைக் கொடுத்தால், சில வசதிகள் இன்னும் இயக்கப்படவில்லை, பூலை அப்கிரேடு செய்யலாம் என்று ஒரு வரி வரும். மஞ்சள் விளக்கு எரிந்தால் அணைக்கத் துடிப்பவர்கள் உடனே 'இசட்பூல் அப்கிரேடு' கொடுத்துவிடுவார்கள். அப்போது எதுவும் ஆகாது. அடுத்த ரீபூட்டில் லோடர் நிற்கும்: இந்தப் பூலில் எனக்குத் தெரியாத வசதி இருக்கிறது என்று சொல்லும். காரணம், டிஸ்க்கின் தனிப் பார்ட்டிஷனில் இருக்கும் லோடர் பழையது. முதன்முதலில் நிறுவியபோது எழுதப்பட்டது. கர்னலும் மற்ற கோப்புகளும் புதிதானாலும் அது புதிதாகியிருக்கும் என்று உறுதியில்லை.

அந்த வரி பிழைச் செய்தி அல்ல. ஃபயர்வாலில் அந்த வசதிகளால் உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், பாக்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், ரீபூட் ஆகும் முன் லோடரைப் புதுப்பித்துவிடுங்கள். ஏற்கெனவே நின்றுவிட்டது என்றால், அதே பதிப்பு அல்லது அதற்கும் புதிய பதிப்பின் இன்ஸ்டாலர் பென் டிரைவில் பூட் செய்து, ஷெல்லுக்குப் போய், அங்கிருந்து செய்ய வேண்டும்.

ஏபியு போன்ற பழைய பயாஸ் பாணிப் போர்டுகளில் 'ஜிபார்ட் ஷோ' கொடுத்தால் பார்ட்டிஷன்கள் எண்ணோடு வரும். அதில் ஃப்ரீபிஎஸ்டி-பூட் வகைப் பார்ட்டிஷனின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஜிபார்ட் பூட்கோட்' கட்டளைதான் பென் டிரைவில் உள்ள பிஎம்பிஆர், ஜிபிடிஇசட்எஃப்எஸ்பூட் என்ற இரண்டு கோப்புகளையும் டிஸ்க்கில் எழுதும். பார்ட்டிஷன் எண்ணைத் தப்பாகக் கொடுத்தால் வேறு பார்ட்டிஷனின் தலையில் எழுதிவிடும், இரண்டு தடவை சரிபாருங்கள். யூஇஎஃப்ஐ-யில் எழும் மினி பிசிகளில் வேலை வேறு. இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, பூட் அடைவில் உள்ள லோடர்.இஎஃப்ஐ கோப்பை அங்கே உள்ள பழைய கோப்பின் மேல் நகலெடுக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி 11 காலத்து நிறுவல்களில் அந்தப் பார்ட்டிஷன் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கோப்பமைப்பு 800 கேபி மட்டுமே. பழையதைப் பாதுகாப்பாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதியதையும் போட அங்கே இடம் இருக்காது. அப்படிப்பட்ட பாக்ஸை நோண்டிக்கொண்டிருப்பதைவிட மறுபடி நிறுவுவதே மேல் என்பது என் கருத்து.

கர்னல் நடுவில் விழுந்தால்

பேனிக் என்று எழுதி ரீபூட், மறுபடி பேனிக், மறுபடி ரீபூட் என்று சுழன்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் கூடுதலாகப் போட்ட கர்னல் மாட்யூல். ரியல்டெக் நெட்வொர்க் சிப்புக்காகத் தனி டிரைவர் போட்டிருப்பவர்கள் அதிகம். பழைய கர்னலுக்காகக் கட்டப்பட்ட மாட்யூல் புதிய கர்னலில் ஏறும்போது இப்படி நடக்கும். லோடர் வரியில் 'டிசேபிள்-மாட்யூல்' என்று கொடுத்து மாட்யூல் பெயரைச் சேர்த்து, பிறகு பூட் செய்து பாருங்கள்.

அதில் சரியாகாவிட்டால் 'பூட் கர்னல்.ஓல்ட்' கொடுத்துப் பழைய கர்னலில் ஏறலாம். உள்ளே போய் அமைப்புக் கோப்பை வெளியே எடுக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். கர்னல் பழையது, மற்ற நிரல்கள் புதியவை என்ற கலவையில் பாக்கெட் ஃபில்டரே ஒழுங்காக ஏறாமல் போகலாம்; அதை வைத்து அலுவலகத்தை ஓட்டக் கூடாது. இசட்எஃப்எஸ்ஸில் லோடர் மெனுவின் பூட் என்விரான்மென்ட் வரியில் அப்கிரேடுக்கு முந்தைய பிரதி இருந்தால் அதுவே நேர்வழி: தேர்ந்தெடுத்துப் பூட் செய்தால் நேற்றைய சிஸ்டம் அப்படியே எழும். லோடர் பழுதை மட்டும் இது தீர்க்காது; லோடர் அந்தப் பிரதிக்குள் இல்லை.

யூஎஃப்எஸ் சிஸ்டத்தில் கோப்பமைப்புப் பிழைகள் வரிசையாக வந்தால், லோடர் மெனுவில் சிங்கிள் யூசர் தேர்ந்தெடுத்து, ஷெல் கேட்கும்போது என்டர் அழுத்தி, எஃப்எஸ்சிகே கட்டளையை எல்லாவற்றுக்கும் ஆம் என்ற தேர்வோடு ஓட்டுங்கள். ஒரு தடவை போதாது. பிழையே இல்லை என்று சொல்லும் வரை மறுபடி மறுபடி ஓட்டுங்கள்.

எழுந்தும் எழாததுபோல்

பாக்ஸ் நன்றாகவே எழுந்து, ஒரு கேள்விக்குப் பதில் வேண்டிக் கன்சோலில் காத்துக்கொண்டிருக்கும். கேபிள் மாட்டாதவருக்கு இது செத்த பாக்ஸ். பிஎஃப்சென்ஸ் தன் அமைப்புக் கோப்பில் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றைக் காணவில்லை என்றால், இன்டர்ஃபேஸ் பொருந்தவில்லை என்று சொல்லி, விலேன் அமைக்கலாமா என்று கேட்டு நிற்கும். டிரைவர் ஏறாத ரியல்டெக் போர்ட், கழற்றிவைத்த யுஎஸ்பி ஈதர்நெட், விழிக்கத் தாமதமான 4ஜி டாங்கிள் ஆகியவை காரணமாகலாம். அவசரப்பட்டு வேன், லேன் எல்லாவற்றையும் புதிதாக ஒதுக்காதீர்கள். விதிகள் தப்பான போர்ட்டில் போய் உட்காரும். காணாமல்போன போர்ட்டை முதலில் கண்டுபிடியுங்கள்.

இந்த ஹார்டுவேரின் காலம் முடிந்ததா?

2017 அக்டோபரில் வந்த பிஎஃப்சென்ஸ் 2.4, 32 பிட் பிராசஸர்களையும் கார்டுகளுக்கான நானோபிஎஸ்டி படிமங்களையும் ஒரே நேரத்தில் கைவிட்டது. 500 மெகாஹெர்ட்ஸ் ஜியோடு பிராசஸரும் 256 எம்பி ராமும் கொண்ட ஆலிக்ஸ் போர்டுகளின் கதை அதோடு முடிந்தது. அதில் 64 பிட் படிமத்தைப் போட்டுவிட்டுப் பூட் ஆகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை. நானோபிஎஸ்டியில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கார்டில் இரண்டு ஸ்லைஸ்கள். அப்கிரேடு எப்போதும் ஓடாத ஸ்லைஸில்தான் எழுதும். புதியது எழாவிட்டால் பூட் வரியில் எஃப்1, எஃப்2 விசைகளில் மற்றதை அழுத்தி, ஒரு நிமிடத்தில் பழைய சிஸ்டத்துக்கு வந்துவிடலாம்.

ஏபியு போர்டுகளின் உற்பத்தியும் நின்றுவிட்டது. இருப்பவை 64 பிட், இன்னும் ஓடும். ஆனால் ஓபிஎன்சென்ஸின் குறைந்தபட்சத் தேவை இப்போது 2 ஜிபி ராம். 2 ஜிபி ஏபியு வைத்திருப்பவர்கள் அடுத்தடுத்த அப்கிரேடுகளில் ஓரத்தில் நடக்கிறார்கள் என்று அறிந்து வைத்திருங்கள்.

மறுபடி நிறுவுவது

கன்சோலில் ஒரு மணி நேரம் போராடியும் வழி தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஃபயர்வாலின் உயிர் 'கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்' என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. மற்றதெல்லாம் மறுபடி கிடைப்பவை. பேக்கப் கையில் இருந்தால் புதிதாக நிறுவி, அந்தக் கோப்பை ஏற்றி, பழைய நிலைக்கு வர அதிக நேரம் ஆகாது. பேக்கப் இல்லாவிட்டாலும், டிஸ்க் படிக்கும் நிலையில் இருந்தால் வழி உண்டு. பிஎஃப்சென்ஸ் இன்ஸ்டாலரில் பழைய அமைப்புக் கோப்பை மீட்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. டிஸ்க்கை அழிக்கும் முன் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வரிசை மாறினால் மீட்க எதுவும் இருக்காது. ஓபிஎன்சென்ஸின் பென் டிரைவ் பூட் ஆகும்போது, அமைப்பை இறக்குமதி செய்ய ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில வினாடி காத்திருக்கும். அப்போது அழுத்தி, பழைய டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தால் உங்கள் அமைப்போடு எழும், அதன் பிறகு நிறுவலாம். ஏபியுவுக்கு இறக்கும் படிமம் சீரியல் படிமமாக இருக்கட்டும். பயாஸ் வரியில் எஃப்10 அழுத்தினால் எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பட்டியல் வரும்.

நெட்கேட் நிறுவனத்தின் புதிய பிஎஃப்சென்ஸ் இன்ஸ்டாலர் தேவையான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கித்தான் நிறுவும். இணையம் வருவதோ இந்த பாக்ஸ் வழியாக. மோடம் கேபிளை வேன் போர்ட்டில் நேராக மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ இணைப்பு என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பாக்ஸுக்குள் மட்டும் இருந்து பயனில்லை; காகிதத்தில் எழுதி மோடத்தின் அடியில் ஒட்டி வையுங்கள். பாதுகாப்பு நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

நிறுவி எழுந்ததும் அடுத்த அப்கிரேடுக்கான வேலையை அன்றைக்கே செய்துவிடுங்கள். இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்து நிறுவியிருந்தால், ஷெல்லில் 'பிஇசிடிஎல் கிரியேட்' என்று கொடுத்து ஒரு பெயரைச் சேர்த்தால் இப்போதைய நிலை பிரதியாகிவிடும். ஓபிஎன்சென்ஸ் 24.7 முதல் வலை முகப்பிலேயே ஸ்னாப்ஷாட் பக்கம் இருக்கிறது. கான்ஃபிக் கோப்பை இறக்கி பாக்ஸுக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். இன்ஸ்டாலர் பென் டிரைவையும் கன்சோல் கேபிளையும் ஒரு கவரில் போட்டு பாக்ஸோடு சேர்த்தே கட்டி வையுங்கள். வேறு வேலைக்கு யாரும் எடுத்துப் போகாதபடி.